தமிழுக்கு மூன்றை அழுத்தவும்

சில வருடங்கள் என் குரல் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தது. நான் அங்கே வேலை பார்த்ததில்லை. என் வேலை வஞ்சியூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில். தொண்ணூறுகளின் கடைசி அது. மாடியில் நான்கு கம்ப்யூட்டர், ஆறு பேர், தரையெல்லாம் ஒயர். போனை ஆள் எடுக்காமலே பதில் பேசும் இயந்திரங்களைத் தயாரித்துக் கொடுப்பதுதான் தொழில். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். கடிதம் அடிப்பேன், வருகிறவர்களை உட்கார வைப்பேன், மதியம் கரண்ட் போனால் ஜன்னலைத் திறப்பேன்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. டாக்டர் என்றைக்கு வருவார், டோக்கன் எத்தனை, ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கெல்லாம் இயந்திரம் பதில் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலி என்று தெற்கேயிருந்து நிறையப் பேர் வருகிற ஆஸ்பத்திரி. மலையாளமும் இங்கிலீஷும் போதாது, தமிழும் வேண்டும் என்றார்கள். முதலாளி என் மேஜைப் பக்கம் வந்து, “நீ தமிழ்தானே?” என்று கேட்டார்.

தமிழ்தான். வலியசாலைத் தெருவில் பிறந்து, ஸ்ரீவராகத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். “தமிழ்தான் சார்” என்றேன். மைக்குக்கு முன்னால் போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். முன்பு நாடகக் குழு ஒன்றில் சவுண்ட் பார்த்தவர். மலையாளிதான், ஆனால் சின்ன வயதில் நாகர்கோவிலில் படித்ததால் தமிழ் சரளமாக வரும், நடுநடுவே மலையாளம் கலந்து. என்னை, மகளே என்பது போல, “மோளே” என்பார். நான் அவரை “சார்” என்பேன். சாமான் அறையைக் காலி செய்து, நான்கு சுவரிலும் பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டு அதைத்தான் ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். ஃபேன் போடக் கூடாது. வளையலைக் கழற்ற வேண்டும். வேர்த்துக் கொட்டும்.

பத்து நாள் பேசினேன். வாக்கியமாக அல்ல, வார்த்தை வார்த்தையாக. “உங்கள்.” “டோக்கன்.” “எண்.” “இன்று.” “நாளை.” “வருவார்.” “வரமாட்டார்.” ஒவ்வொரு எண்ணையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்: வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவது போல, நடுவில் வருவது போல, கடைசியில் வந்து நிற்பது போல. “நாற்பத்தேழு” என்று மூன்று தரம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வெளியே காக்கா கத்தியிருக்கும்.

“ஒந்நு கூடி, இன்னொரு தடவை, மோளே. காக்கையும் டோக்கன் எடுத்திருக்கு.”

நான் சிரிப்பேன். அவர் டேப்பை நிறுத்த மாட்டார். சிரிப்பு, இருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம், கதவைத் திறந்து யாரோ எட்டிப்பார்த்ததற்கு நான் எரிந்து விழுந்தது, எல்லாமே பதிவாகிக்கொண்டிருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் போனை என் கையில் கொடுத்து, ஒரு நம்பரைப் போடச் சொன்னார். மூன்று மொழியில் வரவேற்பு. தமிழுக்கு மூன்றை அழுத்தினேன். “உங்கள் டோக்கன் எண் நாற்பத்தேழு. டாக்டர் நாளை வரமாட்டார்” என்றது என் குரல். அப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. ஒவ்வொரு துண்டும் என்னுடையது, சேர்ந்து வந்தது என்னுடையதல்ல. என் புடவையைக் கட்டிக்கொண்டு வேறு யாரோ எனக்கு முன்னால் தெருவில் நடந்து போவது போல இருந்தது. போனை வைத்தேன். பேசினால் எந்தக் குரல் வருமோ என்று ஒரு கூச்சம்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த நோயாளி ஒருவர், “தமிழ்ல பேசுறது ஒரு மலையாளத்துப் பொண்ணு, எல்லாத்தையும் இழுக்குது” என்று ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொன்னாராம். தமிழ் புரிந்த மலையாளி நர்ஸ் ஒருத்தி, “ஏதோ பாண்டி நாட்டிலிருந்து ஆள் பிடிச்சிருக்காங்க” என்றாளாம். சார் இரண்டையும் என்னிடம் வந்து சொல்லி, “நீ ரெண்டு கரையிலேயும் அன்னியம், கேட்டோ” என்று சிரித்தார். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இது புதிதல்ல, நானும் சிரித்தேன்.

அம்மாவுக்கு மட்டும் அந்த நம்பர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வலியசாலை வீட்டில் அப்போதுதான் பொத்தான் போன் வந்திருந்தது. வாரம் இரண்டு தடவையாவது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் குரலைக் கேட்பாள்.

“ஏம்மா, எனக்கே போன் பண்ணலாமே?”

“நீ ஆத்துல இருந்தா குக்கர் கத்தறது, குழந்தை அழறது, அப்பறம் பேசறேம்மான்னு வெச்சுடறே. இவ நிதானமா, மரியாதையா பேசறாடி.”



என் மகளுக்கு நான்கு வயதானபோது எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. எடுத்துவிட வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் மயக்கம் தெளிந்து, என் கணவரைப் பார்த்து “தண்ணி” என்றேன், காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் காற்று. நரம்பு ஒன்று சோர்ந்திருக்கிறது, சிலருக்கு இந்த அறுவைக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பும் என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு வலி இல்லை. எழுந்து நடமாடினேன், சமைத்தேன். என் கணவரிடம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். பெரியவர்களோடு எப்படியோ சமாளிக்க முடிந்தது. மகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்காகக் குனிந்து காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினால், இரைக்கிற காற்றைக் கேட்டு உடம்பைச் சுருக்கிக்கொள்வாள். ஒருநாள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, “இது பாம்பு மாதிரிப் பேசறது. எனக்கு அம்மா வேணும்” என்று அழுதாள். நான் அவளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா கூடமாட உதவிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தச் சமயத்திலும் பழக்கத்தை விடாமல், மதியத்தில் ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள், குழந்தையும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. ஒருநாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், கூடத்தில் என் குரல். தெளிவாக, பழையபடி, கொஞ்சம் இழுத்து. கதவோரம் நின்றேன். மகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ரீடயல் பொத்தானை அமுக்கி, அப்புறம் மூன்றையும் அமுக்கியிருந்தாள். என் அம்மா செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. போனுக்குள் வாயை வைத்துக் கேட்டாள்:

“அம்மா, எப்போ வருவே?”

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு என் குரல் சொன்னது: “தாங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்.”

குழந்தை திரும்பவும் கேட்டாள். அதே நிதானம், அதே மரியாதை, அதே பதில். மூன்றாவது தடவை, “நன்றி, வணக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்தது துக்கமா பொறாமையா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. என்னிடமிருந்து எடுத்த ஒன்று, நான் இல்லாமலே என் வீட்டுக்குள் வந்து, என் பிள்ளையை ஏமாற்றிவிட்டுப் போகிறது. அதை அதட்டக்கூட எனக்குக் குரல் இல்லை.

மறுநாள் வஞ்சியூருக்குப் போனேன். லீவில் இருந்ததால் எல்லோரும் எழுந்து வந்து விசாரித்தார்கள். நான் நேராக சாமான் அறைக்குப் போய், நடந்ததை நோட்டில் எழுதி சாரிடம் நீட்டினேன். கடைசியில், “அந்தக் குரலை எடுத்துவிடுங்கள், வேறு யாரையாவது வைத்துப் பதிவு செய்யுங்கள்” என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“எடுத்துக் களையலாம், அது பெரிய காரியமில்ல” என்றார். “ஆனா மோளே, குழந்தை கேட்டதுக்கு ஒரு பதில் கொடுக்காம எடுத்தா, அது பாவம் இல்லியா?”

நான் விழித்தேன். அவர் பீரோவைத் திறந்தார். அட்டைப் பெட்டி நிறைய டேப்புகள், சிடிகள். நான் பேசிய பத்து நாளும் அப்படியே இருந்தது. வேலைக்கு எடுத்த துண்டுகள் மட்டுமல்ல, வேண்டாம் என்று ஒதுக்கியதும். ஒன்றையும் அவர் அழிக்கவில்லை.

“நாலு நாள் கொடு” என்றார். “குழந்தைகிட்ட தினமும் என்ன பேசுவே, அதை எழுதிட்டுப் போ.”

நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாப்பிட வா. பல் தேய். செருப்பைப் போடு. தலை வார வா. எழுதிப் பார்த்தபோது, ஒரு நாளில் என் குழந்தையிடம் நான் பேசுகிற பேச்சு இவ்வளவுதானா என்று வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் ஸ்ரீவராகத்துக்கு ஆட்டோவில் வந்தார், மடியில் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார். கூடத்து மேஜையில் வைத்து, ஒயர்களை மாட்டினார். திரையில் என் போட்டோ, ஆபீஸ் ஓணத்துக்கு எடுத்தது. அதன்மேல் மௌஸை வைத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினேன்.

“குட்டிம்மா. சாப்பிட வா.”

போட்டோவில் வாய் மூடியிருக்கிறது, குரல் வருகிறது. எனக்கு உயிரில்லாமல் போனபின் வீட்டில் மாட்டிய படம் பேசுவது போல இருந்தது. தலையை ஆட்டி, படத்தைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. “க்ஷமிக்கணும், நான் அது ஆலோசிக்கல” என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து படத்தை மாற்றினார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு, பல்துலக்கும் பிரஷ், சீப்பு, மகளின் சிவப்புச் செருப்பு ஆகியவற்றை என் கணவர் தாளில் வரைய, அதைப் பார்த்துப் பார்த்து சார் கம்ப்யூட்டரில் வரைந்தார். இருவரும் சுமாராகத்தான் வரைவார்கள். சீப்பு வேலி மாதிரி இருந்தது.

அந்த வாக்கியங்களை எப்படிச் செய்தார் என்று பிறகு காட்டினார். ‘ரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிடாமல் வரவும்’ என்று நான் பதிவு செய்திருந்தேன். அதில் ‘சாப்பிட’ வரைக்கும் வெட்டியிருக்கிறார். ‘வாரநாட்களில்’ என்பதிலிருந்து ‘வா’வை எடுத்து ஒட்டியிருக்கிறார். ‘செருப்பு’ ஒதுக்கிய டேப்பில் கிடைத்தது: ‘சார், செருப்பை வெளியில விட்டுட்டு வரேன்’ என்று ஒருநாள் சொல்லியிருக்கிறேன். ‘பல் மருத்துவம்’, ‘தலைவலி’ எல்லாம் பிரஷுக்கும் சீப்புக்கும் போயிற்று. ‘குட்டிம்மா’ மொத்தப் பதிவிலும் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. பதிவுக்கு நடுவில் ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசியபோது மகளைக் கூப்பிட்டது, கதவு திறந்திருந்ததால் தூரத்திலிருந்து விழுந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு காக்கா கத்துகிறது. காக்காவைப் பிரிக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். எல்லா வாக்கியமும் அந்த ஒரே ‘குட்டிம்மா’வோடுதான் தொடங்கும், எல்லாவற்றிலும் அந்தக் காக்கா இருக்கும்.

மகள் முதலில் தள்ளியே நின்றாள். பிறகு தட்டை அமுக்கினாள். “குட்டிம்மா. சாப்பிட வா.” அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவள் மறுபடி அமுக்கியபோது அந்தக் குரலுக்கு ஒத்து வாயை அசைத்தேன். “வா”வுக்கு நான் பிந்திவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். சீப்பை அமுக்கினாள், நான் வாயசைத்தேன். செருப்பு, பிரஷ், மறுபடி தட்டு. சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்க, என் கணவர் காபி எடுத்துவரப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். அறுவைக்குப் பிறகு மகள் என் மடியில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதம் போல வீட்டில் இதுதான் நடந்தது. வேளாவேளைக்கு அவளே கம்ப்யூட்டரை அமுக்கி, அது சொல்ல, நான் வாயசைக்க, அவள் கீழ்ப்படிவாள். நான் நேரில் கூப்பிட்டு ஒருநாளும் இப்படி உடனே சாப்பிட வந்தவள் இல்லை. அம்மாவுக்கு மட்டும் இது அடியோடு பிடிக்கவில்லை. “போன்ல கேட்டா சரி, தாயும் பொண்ணும் பெட்டியைப் பார்த்துண்டு நாடகம் ஆடறதாவது” என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் மகள் தட்டை அமுக்கப் போகும்போது கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் போகும். திரை அணைந்ததும் அவள் கை மௌஸிலேயே நின்றது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத் திரும்பி, “நீயே சொல்லும்மா” என்றாள்.

சொன்னேன். காற்றுதான். “குட்டிம்மா, சாப்பிட வா.”

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, “காக்கா எங்கே?” என்றாள்.

காக்கா மாதிரிக் கத்த முயற்சி செய்தேன். அறுவைக்குப் பின் என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான், கரகரவென்று, உடைந்து, ஒரு நொடி. மூன்று பேரும் இருட்டில் கேட்டோம். அம்மா சமையலறையிலிருந்து, “என்னடி அது?” என்றாள். நான் அழ, என்னைப் பார்த்து மகளும் அழ, மெழுகுவர்த்தி ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறுவைக்குப் பிறகு எனக்குக் குரல் பயிற்சி கொடுத்துவந்த பெண்மணியிடம் இதை எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டு, அதையே தினமும் பத்துத் தரம் செய்யுங்கள் என்றார். செய்தேன். எட்டாம் மாதம் குரல் வந்தது. பழையது அல்ல. கீழே இறங்கி, கொஞ்சம் மணல் கலந்த குரல். போனில் பேசினால் “சார்” என்கிறார்கள். முன்பெல்லாம் கொஞ்சம் பாடுவேன், அது போய்விட்டது. உரக்கக் கூப்பிட முடியாது. ஆனால் பேச முடிகிறது, அதை நான் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. மகள் கம்ப்யூட்டரைத் தானாகவே மறந்தாள். அது ஆபீஸுக்குத் திரும்பிப் போனது. ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து என் குரலை எடுக்கச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை, அது அங்கேயே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் புதிதாக இரண்டு பிரிவுகள் திறந்தார்கள். சில வார்த்தைகள் கூட வேண்டியிருந்தன. வேறு குரலில் எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்துவிடலாம் என்றார் முதலாளி. சார் ஒத்துக்கொள்ளவில்லை. “வேண்டியது ஏழு வார்த்தை. அவங்களே சொல்லட்டும்” என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வளையலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றையும் அவர் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த நம்பரில் ஒரே வாக்கியத்துக்குள் நான் இரண்டாக இருந்தேன். “உங்கள் டோக்கன் எண் பன்னிரண்டு” என்று இருபத்தைந்து வயதுக்காரி தொடங்குவாள். “சிறுநீரகப் பிரிவு” என்று இந்தக் கரகரத்த குரல் நடுவில் வரும். “டாக்டர் இன்று வருவார்” என்று அவள் முடித்து வைப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. முதல் தடவை கேட்டபோது மேஜையில் இருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, பிடித்தும் போயிற்று. ஒருத்தி இன்னொருத்தியைக் கைவிடவில்லை என்று தோன்றும். அம்மா மட்டும், “கூட யாருடி அந்தப் பெரியவா?” என்று கேட்டாள். நான்தான் என்று சொன்னேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, “அவளும் மரியாதையாத்தான் பேசறா” என்றாள்.

அந்த இயந்திரம் பிறகு மாற்றப்பட்டது. கம்பெனியும் கை மாறிற்று. சார் வேலையை விட்டு நெய்யாற்றின்கரை பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். இவ்வளவுக்கும் அவருக்கு நான் ஒருநாளும் முறையாக நன்றி சொல்லவில்லை. குரல் இல்லாதபோது நோட்டில் எழுதியிருக்கிறேன், வந்தபோது வேலை அவசரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

அவர் கொல்லையில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

“நிர்த்து, போதும் மோளே, இப்போ டேப் ஓடல” என்றார். பிறகு மகளைப் பார்த்து எந்த வகுப்பு என்று கேட்டார். அவர் மனைவி எங்களுக்கு வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் மீனும் வைத்தார். மீன் நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டு, தேங்காய்ச் சம்மந்தி என்கிற துவையலை அரைத்துக்கொண்டு வந்தார். மகள் இரண்டாவது தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது சார் ஒரு சீப்பு ஏத்தன் பழத்தை வாழையிலையில் சுற்றிக் கொடுத்து, பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். பஸ் வர நேரமாயிற்று. ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் மர நிழலில் நின்றிருந்தோம்.